என் வலது தோளைப் பற்றி மகனுக்கு

அன்பு மகனே,

நம் வீட்டுக் கடிதங்கள் எல்லாம், கர்த்தருடைய கிருபையால் இங்கே யாவரும் சுகம் என்றுதான் தொடங்கும். இந்தக் கடிதத்தில் அந்த வரியை விட்டுவிட்டேன். சுகமில்லை. அணைக்கட்டு வேலையிடத்திலிருந்து நீ போட்ட கார்டு வந்தது. டாக்டர் சொல்கிறபடி செய்யுங்கள், அப்பாவைக் கலந்துகொள்ளுங்கள், தாமதம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். எந்த டாக்டர் சொல்கிறபடி? ஒருவர் தோளைத் திறந்து தைக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் கத்தி வைத்தால் கெட்டது என்கிறார். அப்பாவைக் கேட்டால் உன்னைக் கேட்கச் சொல்கிறார். நீ அப்பாவைக் கேட்கச் சொல்கிறாய். தோள் மட்டும் என் உடம்பில் இருக்கிறது. உன் கல்யாணச் சந்தடியில் உனக்குப் பாதிதான் தெரியும். அந்தப் பாதியும் அப்பா சொன்னது. அதனால் விழுந்த நாளிலிருந்து எழுதுகிறேன். எழுதுவதில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. மடியில் தலையணை, அதன்மேல் பலகை, பலகைமேல் கை. முழங்கைக்குக் கீழே என் வலது கைக்கு ஒரு குறையும் கிடையாது. எழுதும், அரிசி களையும், கிள்ளும். மேலே எழும்பு என்றால்தான் எழும்பாது.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது சித்தூரில் நம் சபைப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவுக்கு வாத்தியாராகச் சேர்ந்தேன். அப்போது அந்தப் பிரிவில் பிள்ளைகள் உட்கார இடம் இருக்காது, ஜன்னல் விளிம்பில்கூட உட்காருவார்கள். ஆந்திர ராஜ்யம் என்று தனியாகப் பிரிந்த பிறகு வருஷத்துக்கு வருஷம் குறைந்தார்கள். பெற்றவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாலூக்கா ஆபீசில் தண்ணீர் எடுத்து வைக்கிற வேலைக்குக்கூட தெலுங்கில் மனு எழுத வேண்டும் என்றால், தமிழ் படிக்க வைத்துவிட்டு அந்தப் பிள்ளையை எங்கே அனுப்புவார்கள்? கோபம் அவர்கள்மேல் இல்லை. மெட்ராஸிலும் கர்நூலிலும் மேடை போட்டு நம் பேரில் வீரம் பேசிவிட்டு, நம் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம்கூட நேரத்துக்கு அனுப்பாதவர்கள்மேல் இருக்கிறது. போன தசரா லீவுக்கு முன்னால் பள்ளி மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "டீச்சரம்மா, திருப்பதியில தமிழ் வாத்தியாருங்களுக்கு தெலுங்கு கிளாஸ் வெக்கறாங்க. போய்ட்டு வந்துடுங்க. நாளைக்கு உங்க செக்ஷன எடுத்துட்டாலும் அந்தப் பக்கம் ஒரு கிளாஸ் குடுக்கலாம் பாருங்க" என்றார். பிறந்ததிலிருந்து சந்தையில் தெலுங்கு பேசுகிறவள் நான். ஆனால் எழுதத் தெரியாது. சரி என்றேன்.

புரட்டாசி மாதத்துத் திருப்பதி பஸ் ஸ்டாண்டு எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். நான் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருக்கும்போதே ஏறுகிறவர்கள் ஏற ஆரம்பித்துவிட்டார்கள். கண்டக்டர் "திகண்டம்மா, தொந்தரகா!" என்று சீக்கிரம் இறங்கச் சொல்லி முதுகுக்குப் பின்னால் கத்துகிறான். எவனுடைய மூட்டையோ இடித்தது. வலது கையை ஊன்றினேன், கை வழுக்கியது, தோள் போய்க் கல் விளிம்பில் மோதியது. உள்ளே ஏதோ துணி கிழிகிற மாதிரி இருந்தது. சத்தம் கேட்டதா, எனக்குத் தோன்றியதா, இன்றுவரை நிச்சயமில்லை. என்னைத் தாண்டித் தாண்டி ஏறினார்கள். பையிலிருந்து சிதறிய தெலுங்கு வாசகப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தன் தமிழிலேயே, "இந்த வயசுல அ ஆ கத்துக்க வந்துக்கிது பாருடா" என்று சிரித்தான். எனக்கு நாற்பது ஆகவில்லை. எழுந்து நேராக வகுப்புக்குத்தான் போனேன். ஒரு நாள் வராவிட்டாலும் சர்டிபிகேட் கிடையாது என்று சொல்லியிருந்தார்கள். மத்தியானம் வாத்தியார் ஒவ்வொருவராகப் பலகைக்குக் கூப்பிட்டு எழுதச் சொன்னார். என் முறை வந்தபோது சாக்குக்கட்டியை எடுத்தேன், கை இடுப்புக்கு மேலே வரவில்லை. "ஏமம்மா, செய்யி லேவதா?" என்றார். கை எழும்பாதா என்று கேட்டார். அந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்டவர்போல நேராக வெகுநாள் வரைக்கும் வேறு யாரும் கேட்கவில்லை. ஆனால் அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை.

மறுநாள் உன் அப்பா வந்து, ரேணிகுண்டா வழியாக ரயிலில் புத்தூருக்குக் கூட்டிப்போனார். நம் பக்கத்தில் விழுந்தவர்களை எங்கே கொண்டுபோவது என்று யாரும் யோசிப்பதில்லை. மரத்திலிருந்து விழுந்தாலும் மாடு முட்டினாலும் புத்தூர்தான். கட்டுக் கட்டுகிறவர் விரலால் தோளைச் சுற்றி அழுத்திப் பார்த்தார். "எலும்பு ஒடையலம்மா. சுத்தி சதை அடிபட்டுக்குது. வீக்கம் வத்தறதுக்கு ஒரு கட்டு போட்றேன். வத்துனதும் பிரிச்சிட்டு கைய ஆட்டிக்கினே இருக்கணும், சும்மா வெச்சிக்கினு உக்காரக் கூடாது" என்றார். பச்சிலை அரைத்து, முட்டை வெள்ளைக்கரு தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டி அனுப்பினார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் செய்ததுதான் எந்த டாக்டர் புத்தகத்திலும் இருக்காது.

கட்டோடு சித்தூருக்கு வந்தேன் பார், எனக்கு நடந்த உபசாரத்தை என்னவென்று சொல்வது! பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் தன் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். குழாயடியில் என் குடத்தை எடுத்து வரிசையில் முன்னால் வைத்தார்கள். எதிர்வீட்டு எஸ்தர் அக்கா தினமும் குழம்பு கொண்டுவந்து, "நீ உக்காரும்மே, நான் இல்ல?" என்று என் அடுப்பையே எடுத்துக்கொண்டாள். புத்தூர்க் கட்டு என்றால் நம் ஊரில் கலெக்டர் முத்திரை மாதிரி. பார்த்தவர்கள் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். வீக்கம் வற்றியதும் புத்தூர்க்காரர் சொன்னபடி பிரித்தேன். வலி அப்படியே இருந்தது. மறுநாளே குழாயடியில், "இன்னா டீச்சரம்மா, கட்டு பிரிச்சாச்சா? அப்போ ஷோக்காயிடுச்சி!" என்றார்கள். என் குடம் வரிசையில் கடைசிக்குப் போனது. ஹெட்மாஸ்டர் பீரோவை நகர்த்தக் கூப்பிட்டார். வலிக்கிறது ஐயா என்றேன். "கட்டு பிரிச்சிட்டாங்களேம்மா?" என்றார். பொய் சொல்லுகிறாயா என்று கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் உன் அப்பாவும், கெட்ட மனசில்லாமல்தான், பரண்மேல் இருக்கிற அண்டாவை இறக்கித் தரச் சொன்னார்.

அன்றைக்குச் சாயங்காலமே பழைய சேலையைக் கிழித்து நானே மறுபடியும் கட்டிக்கொண்டேன். ஒற்றைக் கையால் முடியாமல் அப்பாவைத்தான் முடிச்சுப் போடச் சொன்னேன். பார்க்கிறதுக்கு நிஜக் கட்டு மாதிரியே இருக்க வேண்டும் என்று, எடுத்து வைத்திருந்த மூங்கில் பத்தைகளையும் உள்ளே வைத்தோம். அப்பா தள்ளி நின்று பார்த்து, "புத்தூரானே தோத்தான் போ!" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். குடத்தைக் கடைசிக்குத் தள்ளினவர்களும் பீரோ நகர்த்தச் சொல்கிறவர்களும் மறுபடியும் மரியாதையாக விலகினார்கள். உன் கல்யாணம் வரைக்கும் அந்தப் பொய்க் கட்டுக்குள்ளேதான் என் கை இருந்தது. அசையாமல் கிடந்த தோள் உள்ளே துருப்பிடித்த கீல் மாதிரி இறுகிக்கொண்டே வந்திருக்கிறது. படித்தவள், பிள்ளைகளுக்கு உடல்நூல் பாடம் சொல்லுகிறவள், இப்படிச் செய்யலாமா என்று நீ கேட்பாய். கேள். பெண்பிள்ளை வலிக்கிறது என்றால் துணியைப் பார்த்துத்தான் நம்புகிறார்கள் என்றால் நான் துணியைத்தான் கட்டுவேன். உன்னிடம் ஒன்றே ஒன்று சொல்கிறேன், புது மாப்பிள்ளை. உன் பெண்டாட்டி அந்த அணைக்கட்டுத் தகரக் கொட்டகை வீட்டில், அனலில், ஒருநாள் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லுவாள். வீக்கம் எங்கே என்று தேடாதே. சொன்ன உடனே நம்பு. அவளைக் கட்டுப்போட்டுக்கொள்ள விட்டுவிடாதே.

உன் கல்யாணத்தன்று காலையில் அந்தக் கட்டைப் பிரித்தேன். சம்பந்தி வீட்டார் போட்டோவில் மூங்கில் பத்தை தெரிய வேண்டாம் என்று அப்பா கெஞ்சினார். சபைக் கோயில் வாசலில் போட்டோக்காரர், "அம்மா, கைய மாப்பிள்ள தோள்மேல வைங்க" என்றார். வலது கை வரவே இல்லை. இழுத்தேன். உடம்புதான் சாய்ந்தது, கை தொங்கிக்கொண்டே இருந்தது. "மாமியாருக்கு வெக்கம்டி" என்று பின்னால் சிரித்தார்கள். நீ பார்த்துவிட்டாய். முழங்காலை மடித்துக் குனிந்தாய், என் கை எட்டுகிற உயரத்துக்கு உன் தோளைக் கொண்டுவந்தாய். அந்தப் போட்டோவில் நீ என்னைவிடக் குள்ளமாகத் தெரிகிறாய். பார்க்கிறவர்கள் எல்லாம் காரணம் கேட்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் ரயில் ஏறிப் போன மறுநாள், இது வலி மட்டும் இல்லை, கை போய்க்கொண்டிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அப்புறம்தான் டாக்டர்கள்.

முதலில் திருப்பதியில் ஒரு டாக்டர். சின்ன வயசு, மெட்ராஸில் படித்தவர், கெட்டிக்காரர் என்று சொன்னார்கள். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அப்பாவிடம் பேசினார். "எலும்பு கிளீனா இருக்குது. எலும்ப புடிச்சிக்கினு இருக்கற நாரு அறுந்து இருக்கலாம். அது எக்ஸ்ரேல தெரியாது. தெறந்து தெச்சிடணும். லேட் பண்ணா அந்த நாரு சுருங்கி உள்ள போயிடும், அப்பறம் யாராலயும் இழுத்து தெக்க முடியாது." வீட்டுக்காரம்மா சமையல் செய்யறாங்களா, சேலை கட்டிக்கறாங்களா என்றும் அப்பாவிடமே கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். அடுத்தது நம் சித்தூரில், சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ரிடையரான பெரிய டாக்டர். அவர் கையை மேலே தூக்கிப் பார்த்தார், பாதியில் கல் மாதிரி நின்றது. பொய்க் கட்டுக் கதையைக் கேட்டு மேஜைமேல் ஒரு குத்து குத்தினார். "கட்டிப் போட்டு தோள கட்டையாக்கிட்டு வந்துக்கிறீங்க. கத்தி வெச்சா இன்னும் எறுகும். வெந்நீர் ஒத்தடம் குடு, செவுத்துல வெரலாலயே மேல ஏறு. வருஷம் ஒண்ணு ஆவும். தானா வரும், போ." அறுந்ததா, இறுகியதா? அறுந்திருந்தால் ஒரு வருஷம் சுவரில் விரல் ஏற்றிக்கொண்டிருப்பது கையைத் தொலைப்பது. இறுகியிருந்தால் தோளைக் கிழிப்பது வீண். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எந்தப் படத்திலும் பதில் இல்லை. ஒத்தடம் கொடுத்தேன். சுவரில் விரலால் ஏறினேன். தினம் நெஞ்சு உயரத்தில் நின்றது.

இதற்குள் ஊரில் எல்லோரும் டாக்டராகிவிட்டார்கள். எஸ்தர் அக்காவின் ஓர்ப்படிக்கு ஆபரேஷன் செய்து கை சூம்பிப்போனதாம். மண்டியில் மூட்டை தூக்குகிற ஆள் ஒருத்தனுக்கு ஒன்றுமே செய்யாமல் சரியாகிவிட்டதாம். உன் அப்பா வெல்ல மண்டியில் கணக்கு எழுதிவிட்டு நேராக எல்லைக் கூட்டத்துக்குப் போய்விடுவார். புத்தூர் எந்தப் பக்கம், நகரி எந்தப் பக்கம், எந்த ஊரில் எத்தனை வீடு தமிழ் பேசுகிறது என்று மனு மேல் மனு எழுதி, ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். இப்போது எல்லாம் முடிந்துவிட்டது என்கிறார்கள். ஒருநாள் வந்து செருப்பைக் கழற்றும்போதே, "திருத்தணி அங்க போவுதாம்மே, சத்தியவேடு இங்க வருதாம். நம்ப சித்தூரு இங்கியே தான். பங்கு போட்டுட்டானுங்க" என்றார். "என் கை எங்க போவுதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?" என்றேன். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அவரை நோகடிக்க வேண்டும் என்றுதான் சொன்னேன், நொந்ததும் எனக்குச் சந்தோஷமாக இல்லை. காலையில் என்னை எழுப்பாமல் அவரே அடுப்பு மூட்டி ஒத்தடத்துக்கு வெந்நீர் வைக்கிற மனுஷன். ஒரு தாலூக்காவை இந்த ராஜ்யத்திலிருந்து அந்த ராஜ்யத்துக்கு மாற்று என்று எழுதத் தெரிகிறது. பெண்டாட்டி தோளுக்கு ஆம் இல்லை சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் நானே பிடிவாதம் பிடித்து வேலூருக்குப் போனோம். அது வேறே ராஜ்யமாச்சே, நம்மைப் பார்ப்பார்களா என்று அப்பா பஸ்ஸிலேயே கவலைப்பட்டார். பார்த்தார்கள். அங்கே ஒரு டாக்டர், நடுத்தர வயசு, அதிகம் பேசாதவர். விழுந்த கதையைக் கேட்டார். அப்பா சொல்லத் தொடங்கினார். "அம்மாவைத்தான் கேட்கிறேன்" என்றார். விழுந்ததிலிருந்து பொய்க் கட்டு வரைக்கும் நானே சொன்னேன், நம்புவாயா? பிறகு கேட்டார்: "விழுந்த மறுநாள், கட்டுப் போடறதுக்கு முன்னாடி, யாராவது உங்க கையை மேலே தூக்கினாங்களா? தூக்கினா போச்சா?" எனக்கு உடனே ஞாபகம் வந்தது. புத்தூருக்குக் கிளம்பும்போது அப்பாதான் எனக்கு ரவிக்கை மாட்டிவிட்டார். என் கையைப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார், வலியோடு போனது. பொத்தானைப் பார்க்க அவர் கையை விட்டார். என் கை சடாரென்று மரக்கிளை முறிந்து விழுகிற மாதிரி விழுந்தது. நிறுத்தி வைக்க எனக்குச் சக்தி இல்லை. அதைச் சொன்னேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "தூக்கினா போச்சு, விட்டா நிக்கல. அப்போ இறுக்கம் பின்னாடி வந்தது. முதல்ல அறுந்துதான் இருக்கணும்." இவ்வளவு நாள் இந்தப் பதில் என்னிடமே இருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

ஆனால் அதோடு கதை முடியவில்லை. முதலில் பயிற்சி செய்து இறுக்கத்தை இளக்கிக்கொண்டு வர வேண்டும், ஏப்ரல் கடைசியில் திறப்போம், அதற்குமேல் தள்ளினால் தைக்க நார் மிஞ்சாது என்றார். தைத்த பிறகு கையைப் பக்கவாட்டில் தூக்கி ஒரு சட்டத்தில் கட்டிவைப்பார்களாம், வகுப்பில் கேள்வி கேட்கக் கை தூக்குகிற பிள்ளை மாதிரி. பிறகு பயிற்சி. ஜூலை ஆகஸ்டு வரைக்கும் நான் எதற்கும் ஆகமாட்டேன். "கை வந்துடுமா சார்?" என்று அப்பா கேட்டார். "வரும்னு சொல்லமாட்டேன். வரலாம். திறந்து பார்த்தா தைக்கற நிலைமையில இல்லாமலும் இருக்கலாம். செய்யலன்னா இப்ப இருக்கறதைவிட மோசமாகும்னுதான் நினைக்கிறேன்" என்றார். அவர் நிச்சயமாகச் சொல்லாததால்தான் நான் அவரை நம்புகிறேன். அப்பா அதே காரணத்தால் அவரை நம்பவில்லை.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்டு. இதைப் படிக்கும்போதே உனக்கு விளங்கியிருக்கும். மே மாதம் முழுவதும் நான் என்ன செய்வேன் என்று நீ சின்ன வயசிலிருந்து பார்த்திருக்கிறாய். குடை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், ஒரு வருஷம் ஒரு வருஷம் என்று பெற்றவர்களைக் கெஞ்சித் தமிழ்ப் பிரிவுக்குப் பிள்ளை பிடிப்பது. ஜூனில் பள்ளி திறந்ததும் தலை எண்ணுவார்கள். குறைந்தால் பிரிவை மூடிவிடலாம். போன வருஷமே மயிரிழையில் தப்பியது. நான் ஆஸ்பத்திரியில் கை தூக்கிக்கொண்டு படுத்திருந்தால் அந்த வெயிலில் யார் நடப்பார்கள்? மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். "மொதல்ல கைய பாருங்க டீச்சரம்மா. செக்ஷன் கதைய ஜூன்ல பாத்துக்கலாம்" என்றார். "நான் இல்லன்னா ஜூன்ல பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க ஐயா" என்றேன். "அதுக்கு நான் இன்னா பண்றது? புள்ளைங்கள நானா பெத்துக் குடுக்க முடியும்?" என்று சிரித்தார். திருப்பதி வகுப்பை முழுதும் முடிக்காததால் எனக்குச் சர்டிபிகேட்டும் இல்லை. தெலுங்குப் பக்கம் ஒரு வகுப்பு என்று சொன்ன பேச்சை அவர் மறந்துபோய்விட்டார். சரி, ஆபரேஷன் வேண்டாம், வேலையைக் காப்பாற்றுவோம் என்றால், பலகையில் எழுத முடியாத வாத்தியாரை எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? இப்போதே பலகையின் கீழ்ப்பாதியில்தான் எழுதுகிறேன். இன்ஸ்பெக்டர் வந்தபோது, மேல்பாதி எதற்கு இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார். திறந்தால் வேலை போகும், கை வரலாம், வராமலும் போகலாம். திறக்காவிட்டால் கை போகும், அதன் பின்னால் வேலையும் மெதுவாகப் போகும். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஏதோ ஒன்று போகிறது. இதில் ஒருவர்மேல் கோபித்துக்கொள்ளலாம் என்றால் யார்மேல் என்று தெரியவில்லை. முட்டி முட்டி நிற்கிறேன்.

இத்தனைக்கும் நடுவில் அந்தக் காகிதம். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும், அவர் இல்லாவிட்டால் மேஜரான மகன் என்று வேலூர் ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்தவர் சொன்னார். நான் போடுகிறேன் என்றேன். நோயாளி போட்டால் செல்லாதும்மா என்றார். பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் இத்தனை வருஷமாக ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டவள். வீட்டுக்குக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

"இன்னாம்மே, மயக்க மருந்துல ஏதாச்சும் ஆனா அவங்க பொறுப்பில்லன்னு போட்டுக்கிது."

"ஆமா. எல்லாத்துக்கும் அப்டிதான் போடுவாங்க."

"நான் போட்டு, நாளிக்கு ஒண்ணு ஆயிட்டா? நம்ப பையன் என் மூஞ்சில முழிப்பானா?"

"கை என்னுதுங்க. நானே சொல்றேன் இல்ல?"

"கை உன்னுதுதான். போட்டவன் பேரு என்னுதாச்சே" என்றார். பிறகு, "அவன கேளு. படிச்சவன். அவன் சொல்லட்டும், போட்றேன்" என்று காகிதத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். கண் கலங்கியிருந்தார். அவர்மேல் எனக்கு இரக்கமும் வந்தது, அடிக்க வேண்டும்போல ஆத்திரமும் வந்தது. அடிக்கக் கை எங்கே!

நான் முடிவு செய்துவிட்டேன். திறக்கச் சொல்லப் போகிறேன். என்ன கணக்குப் போட்டு இந்த முடிவுக்கு வந்தாய் என்று நீ கேட்டால், கணக்கில் இது வரவில்லை. இந்தக் கையை எல்லோரும் அதனால் ஆகிற வேலைக்காக எடை போடுகிறார்கள். பலகையில் எழுதுமா, அண்டா இறக்குமா, பேரப்பிள்ளையைத் தூக்குமா? எனக்கு என் தலையை நானே பின்னிக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் எஸ்தர் அக்கா வந்து பின்னிவிடுகிறாள். அவள் வராத நாளில் அப்பா சீப்பை வைத்துக்கொண்டு பயந்து பயந்து இழுக்கிறார். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். குளித்துவிட்டு முதுகை நானே துடைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் சொல்லி எந்த மேனேஜரிடமும் லீவு கேட்க முடியாது. உன்னிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். பிரிவுக்காக இப்போதிருந்தே பள்ளி விட்டதும் வீடு வீடாகப் போகத் தொடங்கியிருக்கிறேன். எல்லோரும் காப்பி கொடுத்து, "உங்க பேச்ச தட்டுவமா டீச்சரம்மா" என்கிறார்கள். மார்ச்சில் சொன்ன வாக்கு ஜூன்வரைக்கும் நிற்காது என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் போகிறேன்.

அதனால் உன்னிடம் கேட்பது யோசனை இல்லை. ஏப்ரல் கடைசி வாரம் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா. வந்து அந்தக் காகிதத்தில் உன் பேரை எழுது. கை வரவில்லையானால், அல்லது அதைவிட மோசமாக ஏதாவது ஆனால், நீ போட்டதால்தான் என்று ஒருநாளும் நான் நினைக்கமாட்டேன். அப்பாவிடமும் இதையே சொன்னேன், அவருக்குப் பயம் போகவில்லை. உனக்கும் பயமாக இருக்கும். பயத்தோடு வா. நீ வராவிட்டாலும் அன்றைக்கு வேலூருக்குப் போவேன். என் பேரை நானே எழுதி அந்த ஜன்னலில் நீட்டுவேன். வாங்கமாட்டார்கள். வாங்குகிறவரைக்கும் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் மனசில் இருக்கிறது. ஆனால் மத்தியானத்துக்குமேல் எனக்குத் தைரியம் இருக்குமா, எழுந்து சாயங்கால பஸ்ஸில் சித்தூருக்குத் திரும்பி வந்துவிடுவேனா என்று எனக்கே தெரியவில்லை. அதற்காகத்தான் உன்னைக் கூப்பிடுகிறேன்.

உன் அம்மா